இருவரும் சேர்ந்து வீட்டில் படம் பார்க்க: பருவத்துக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

வாரம் ஒருமுறை கணவனும் மனைவியும் வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பதற்கு வழிகாட்டி எதற்கு என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் நிலைபெறச் சில ஆண்டுகள் ஆயின. பிறகு என் தங்கை வீட்டிலும் கீழ்வீட்டுத் தம்பதியிடமும் நாங்கள் பட்ட அதே தடுமாற்றங்களைக் கண்டேன். இரவு ஒன்பதரைக்கு ரிமோட்டைக் கையில் எடுப்பார்கள். பத்தேகால் வரை முன்னோட்டங்களாகவே ஓடும். "எதுவா இருந்தாலும் சரிதாங்க, நீங்களே போடுங்க" என்று ஒருவர் சொல்வார். மற்றவர் போட்ட படத்தின் இருபதாவது நிமிடத்தில் அப்படிச் சொன்னவர் தூங்கியிருப்பார். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனால் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கிவிடுகிறார்கள்.

இவர்களுக்கிடையே ரசனை வேறுபாடு அவ்வளவு பெரிதன்று. செய்ய வேண்டியவற்றின் வரிசைதான் தலைகீழாகிவிடுகிறது. நேரமும், உடம்பின் களைப்பும், வெளியே அடிக்கும் வெயிலும் மழையும் முதலில் கணக்கில் வர வேண்டும். படம் கடைசியில் வர வேண்டும். கீழே உள்ளவை சென்னைப் புறநகரில், மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள வீட்டில் செய்து பார்த்தவை. உங்கள் ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப நான்காம் பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்கப் பள்ளி நோட்டு, ஒரு பேனா, ஓரளவு நிலையான இணைய இணைப்பு, இருக்கிற டிவி ஆகியவை போதும். ப்ரொஜெக்டர் வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பகல் வெளிச்சம் புகும் நம் கூடங்களில் விலை குறைந்த ப்ரொஜெக்டரின் படம் வெளிறித்தான் தெரியும்.

மின்வெட்டு உள்ள பகுதியானால் இன்வெர்ட்டர் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியின் கொள்ளளவு ஏட்டளவில் 1,800 வாட்-மணி. 43 அங்குல எல்இடி டிவி சுமார் 80 முதல் 100 வாட், பழைய வகை மின்விசிறி சுமார் 75 வாட், ரூட்டர் சுமார் 10 வாட் இழுக்கும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு முழுப் படத்தைத் தாராளமாகத் தாங்கும். பலர் டிவியை இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டு ரூட்டரை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் போனதும் டிவி ஒளிர்ந்துகொண்டிருக்கும், படம் நின்றிருக்கும்.

2. கிழமையையும் தொடங்கும் மணியையும் முதலில் முடிவு செய்யுங்கள்

தூங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தோடு பதினைந்து நிமிட இடைவேளையையும் சேர்த்தால் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. பத்தரைக்குப் படுப்பவர்கள் ஏழே முக்காலுக்கு முதல் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாப்பாட்டை முடித்து, பாத்திரம் கழுவி, ஒன்பதரைக்கு உட்காருகிறவர்கள் படத்தின் பாதியில் சோர்ந்து போவதற்குப் படம் காரணமில்லை.

வீட்டில் மாமனார், மாமியார், பிள்ளைகள் இருந்தால் கூடத்து டிவியில் அவர்களுக்கென்று உள்ள நேரத்தைத் தொடாதீர்கள். மாமியாரின் தொடர் முடியும்வரை பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருப்பதைவிட, சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணியை உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்வது எல்லோருக்கும் நிம்மதி.

இரண்டரை மணி நேரம் கிடைக்கவே வழியில்லை என்றால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் படங்களைத் தேடுங்கள். ஈரானியப் படங்கள் பலவும் அந்த அளவுதான். அல்லது ஒரு நீளமான படத்தை இரண்டு இரவுகளில் பாருங்கள். ஆனால் இடைவேளைக் காட்சியில் நிறுத்துங்கள். நம் படங்களின் கதை அந்த இடத்தில் முடிச்சுப் போடும்படி எழுதப்படுவதால் மறுநாள் தொடரும்போது நூல் அறுபடாது. தூக்கம் வந்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் பத்து நிமிடம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும், எது வரை பார்த்தோம் என்பதில் கருத்து வேறுபாடும் வரும்.

3. பட்டியலைத் தனித்தனியாக எழுதுங்கள்

நோட்டின் இடப்பக்கம் ஒருவருக்கு, வலப்பக்கம் மற்றவருக்கு. பார்க்க விரும்பும் படத்தின் பெயருக்கு எதிரே ஓடும் நேரம், மொழி, தணிக்கைச் சான்றிதழ், கனமான படமா இலேசான படமா என்ற நான்கையும் எழுதுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் சான்றிதழ் முக்கியம். 2024ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு யுஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருப்பதால் வெறுமனே "யுஏ" என்று குறித்துவைத்தால் போதாது.

ஒரே பட்டியலாகச் சேர்ந்து எழுதத் தொடங்கினால், குரல் ஓங்கியவரின் விருப்பம் மட்டுமே அதில் நிறையும். விட்டுக்கொடுத்துப் பழகியவர் தனக்கு என்ன பிடிக்கும் என்பதையே நாளடைவில் மறந்துவிடுகிறார். என் தங்கை முதல் மாதம் தன் பக்கத்தில் ஒரு பெயரைக்கூட எழுதவில்லை. "எனக்கு என்னக்கா பெரிய விருப்பம்" என்றாள். வெற்றுப் பக்கம் கண்முன்னே இருந்ததால்தான் இரண்டாவது மாதம் எழுதத் தொடங்கினாள். இப்போது அவள் பக்கம்தான் நீளமாக இருக்கிறது.

தேர்வைப் புதன்கிழமை செய்யுங்கள். ஒரு வாரம் இடப்பக்கத்திலிருந்து, அடுத்த வாரம் வலப்பக்கத்திலிருந்து ஒரு படம். மற்றவருக்கு மாதத்துக்கு ஒருமுறை "இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உண்டு. அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. வார இறுதியின் களைப்பில் நூறு படங்களுக்கு நடுவே ஒன்றைத் தேடுவது சண்டைக்கு அழைப்பு. புதன்கிழமை காலை காப்பி குடிக்கும்போது நான்கு பெயர்களில் ஒன்றைச் சுட்டிக்காட்டுவது ஒரு நிமிட வேலை.

4. பருவத்தைப் படத்தோடு பொருத்துங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான். ஒரே படம் ஐப்பசியில் நெஞ்சைத் தொடும், வைகாசியில் எரிச்சலூட்டும். படம் மாறவில்லை, பார்க்கிற உடம்பு மாறியிருக்கிறது. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, அவற்றின் குளிரையும் வெயிலையும் மனிதர்களின் பிரிவோடும் கூடலோடும் சேர்த்துப் பார்த்தவர்கள் நம் முன்னோர். அந்தப் பிரிவினை நோட்டுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

சித்திரை, வைகாசி: மே மாதத் தொடக்கத்தில் கத்திரி வெயில் பிறந்துவிட்டால், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டில் இரவு பதினோரு மணிவரை கூரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். காங்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில்தான் திருப்பித் தரும். அந்த நேரத்தில் கனமான படம் வேண்டாம். போதாக்குறைக்கு மார்ச் இறுதியிலிருந்து மே இறுதிவரை ஐபிஎல் ஆட்டங்கள் மாலை ஏழரைக்குத் தொடங்குகின்றன; கிரிக்கெட் பார்ப்பவர் ஒருவரேனும் உள்ள வீட்டில் இரவுக் காட்சிக்கு இடமே இல்லை. நாங்கள் ஞாயிறு காலை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டோம். சன்னல்களைத் திறந்து வைத்து, விடியற்காலைக் காற்றில் பார்க்கத் தொடங்கினால் வெயில் ஏறும் எட்டரைக்குள் படம் முடிந்துவிடும். முதல் நாள் எழுந்திருப்பது கடினம். ஆனால் அந்த அமைதியில் படம் பார்ப்பது ஒரு தனி அனுபவம். கோடைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனி, ஆடி: காற்றடிக்கும் காலம். கதவும் சன்னலும் அடித்துக்கொள்ளும், கொக்கிகளை முன்பே மாட்டிவிடுங்கள். ஆடியில் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்களில் இருவரும் வெவ்வேறு ஊர்களில் இருப்பார்கள். அப்போது ஒரே படத்தை ஒரே மணிக்குத் தொடங்கி, இடைவேளையில் மட்டும் பேசிக்கொள்ளலாம். படம் முழுவதும் அழைப்பை வைத்திருந்தால் ஒருவர் வீட்டு ஒலி மற்றவர் வீட்டில் எதிரொலிக்கும்.

ஆவணி, புரட்டாசி: சென்னையில் மாலை நேர இடிமழைக் காலம். சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள் வெள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். நவராத்திரி பெரும்பாலும் புரட்டாசியில் வரும். கொலு வைக்கும் வீட்டில் கூடம் படிக்கட்டுகளுக்குப் போய்விடும், சுண்டல் வாங்க வருகிறவர்களும் இருப்பார்கள். அந்த ஒன்பது நாளும் படத்தை விட்டுவிடுங்கள். இழுத்துப்பிடித்து நடத்த முயன்றால் இரண்டும் கெடும்.

ஐப்பசி, கார்த்திகை: ஆண்டின் மிகச் சிறந்த காலம் இதுதான். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழை இந்த மாதங்களையொட்டித்தான் கொட்டுகிறது. வெளியே போக முடியாது, விருந்தினர் வர மாட்டார்கள், மனமும் தானாக உள்நோக்கித் திரும்புகிறது. நோட்டில் "கனம்" என்று குறித்தவற்றையும், மெதுவாக நகரும் படங்களையும், அயல்மொழிப் படங்களையும் இதற்கென்று சேர்த்துவையுங்கள்.

இந்தக் காலத்தின் ஒரே தொல்லை ஒலி. ஒரு சனிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுத் தகரச் சார்ப்பில் எங்கள் சன்ஷேடிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. படத்தில் தாயும் மகளும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசும் காட்சி. ஒலியைக் கூட்டினோம், பேச்சு தெளியவில்லை. மீண்டும் கூட்டினோம், அடுத்த காட்சியின் பேருந்து ஹாரன் இருவரையும் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து மழைக்காலத்தில் தமிழ்ப் படத்துக்கும் சப்டைட்டில் போட்டுவிடுகிறோம். ஒலியை நடுத்தரமாக வைத்தாலே போதுகிறது, மழைச் சத்தமும் காதில் விழுகிறது.

மார்கழி, தை: விடியற்காலையில் கோலத்துக்கு எழுகிறவர்கள் இரவு விழித்திருக்க முடியாது. டிசம்பரில் சென்னையில் மாலை ஐந்தே முக்கால் அளவிலேயே சூரியன் மறைந்துவிடுவதால் ஆறரைக்கே கூடம் இருட்டாகிவிடும். அந்த நேரத்தில் தொடங்கி, இடைவேளையில் சாப்பிட்டு, ஒன்பதரைக்கு முடித்துவிடலாம். இது குடும்பமாகப் பார்க்கும் இலேசான படங்களுக்கான காலம்.

மாசி, பங்குனி: மார்ச் மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக் காலம். உங்கள் வீட்டில் தேர்வு எழுதுகிறவர் இல்லாவிட்டாலும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம். பாட்டும் சண்டையும் குறைந்த, பேச்சை நம்பி நடக்கும் படங்களை இந்த மாதத்துக்கு வையுங்கள். அல்லது ஒரே கருவியில் இரண்டு புளூடூத் ஹெட்ஃபோன்கள் இணையுமா என்று பாருங்கள்.

5. டிவியின் படத்தையும் ஒலியையும் ஒருமுறை சரிசெய்யுங்கள்

இதை ஒரே ஒரு நாள் செய்தால் போதும். ஆனால் பலர் செய்வதேயில்லை.

பெரும்பாலான படங்கள் வினாடிக்கு 24 சட்டங்களாக (ஃப்ரேம்களாக) உள்ளன. புதிய டிவிகள் சில அவற்றுக்கு நடுவே தாமாகச் சட்டங்களை உருவாக்கிச் சேர்க்கின்றன. கிரிக்கெட்டுக்கு அது நன்றாக இருக்கும். படமோ வழவழவென்று தொலைக்காட்சித் தொடரைப் போலத் தோன்றும். அமைப்புகளில் "மோஷன்" என்று தொடங்கும் பெயரில் இருப்பதை அணைத்துவிட்டு, "சினிமா" அல்லது "மூவி" என்ற படநிலையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் படம் மங்கலாகவும் சற்று மஞ்சளாகவும் தெரியும். கடைக்காரர் கண்ணைப் பறிப்பதற்காக வைத்திருந்த நீல வெளிச்சத்துக்குக் கண் பழகியிருப்பதே அதற்குக் காரணம். ஒரு முழுப் படத்தை இந்த நிலையில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பாட்டு காதைப் பிளக்கிறது, பேச்சு கேட்கவில்லை என்பது எல்லா வீட்டிலும் உள்ள குறை. திரையரங்க ஒலிக்கலவையில் பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில் வருகிறது. அதை டிவியின் கீழ்நோக்கிய இரண்டு சிறு ஒலிபெருக்கிகளில் அடக்கும்போது பேச்சு அமுங்கிவிடுகிறது. ஓடிடி செயலியில் ஒலியை 5.1-லிருந்து (பல ஒலிபெருக்கிகளுக்கான கலவை) ஸ்டீரியோவுக்கு (இரண்டு ஒலிபெருக்கிகளுக்கானது) மாற்றிப் பாருங்கள். டிவியில் "நைட் மோட்" இருந்தால் அதைப் போடுங்கள், உரத்த ஒலிக்கும் தணிந்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை அது குறைக்கும். இரண்டும் போதாவிட்டால் மட்டும் சவுண்ட்பார் பற்றி யோசியுங்கள்.

43 அங்குலத் திரைக்கு ஐந்தரை முதல் ஏழு அடி தூரம் சரியாக இருக்கிறது. நம் கூடங்களில் சோபா எதிர்ச்சுவரை ஒட்டிப் பத்தடிக்கு அப்பால் கிடக்கும். சப்டைட்டில் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். சோபாவை நகர்த்த முடியாவிட்டால் தரையில் பாய் விரித்து, சுவருக்குப் பதில் சோபாவின் அடிப்பகுதியில் சாய்ந்துகொள்ளுங்கள்.

6. முதல் நாளே ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்

படம் அந்தச் செயலியில் இன்னும் இருக்கிறதா, தனியாகப் பணம் கேட்கிறதா, மூல மொழியின் ஒலி உள்ளதா, சப்டைட்டில் பேச்சோடு ஒத்துப்போகிறதா என்பவற்றை வெள்ளிக்கிழமையே பாருங்கள். ஓடிடி தளங்களில் உரிமைக் காலம் முடிந்ததும் படங்கள் காணாமல் போகும். எங்களுக்கு ஒருமுறை எல்லாம் தயாராகி உட்கார்ந்த பிறகுதான், ஒரு மாதம் காத்திருந்த படம் டப்பிங் வடிவில் மட்டுமே இருப்பது தெரிந்தது. அந்த மாலையை மீட்க முடியவில்லை.

எச்டி தரத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேகம் போதும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜிபி வரை செலவாகும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்கள் அன்றைய டேட்டா வரம்பை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் பதிவிறக்கிக்கொள்வது நல்லது.

7. சாப்பாடு, கொசு, கைப்பேசி

முழுச்சாப்பாடு படத்துக்கு முன்போ இடைவேளையிலோ முடிய வேண்டும். ஓடும் படத்துக்கு நடுவே தோசை வார்க்க ஒருவர் எழுந்து போகும் வீட்டில் அந்த ஒருவர் எப்போதும் ஒரே ஆளாகத்தான் இருக்கிறார். கொறிப்பதற்கு மொறுமொறுப்பில்லாதது வையுங்கள்: அவித்த வேர்க்கடலை, சுண்டல், மழைக்காலத்தில் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி.

அந்தி சாயும் முன்பே சன்னலை அடைத்துக் கொசுவிரட்டி போடுங்கள். கைப்பேசிகள் இரண்டும் அமைதி நிலையில் அடுத்த அறைக்குப் போகட்டும். வயதான பெற்றோர் வெளியூரில் இருந்தால் அவர்கள் எண்ணுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கவலை இருந்தால் படத்தில் மனம் நிற்காது.

8. படம் ஓடும்போது

நிறுத்தும் உரிமை இருவருக்கும் உண்டு, ஆனால் பாதிவரை இரண்டே முறை. முன்பே பார்த்த படமானால் அடுத்து வருவதைச் சொல்லாதீர்கள், மற்றவர் முகத்தைத் திரும்பித் திரும்பியும் பார்க்காதீர்கள். "இப்ப அழணுமோ" என்ற நெருக்கடி அவருக்கு வந்துவிடும்.

அருகில் இருப்பவர் தூங்கிவிட்டால் எழுப்பாமல் நிறுத்திவிட்டு, நேரத்தை நோட்டில் குறியுங்கள். மீதியைத் தனியாகப் பார்த்து முடித்துவிடுவது சிறிய விஷயமாகத் தோன்றும்; கீழ்வீட்டில் ஒரு மாதப் பேச்சு நின்றது அதனால்தான்.

9. பிடிக்காத படத்தை எப்போது நிறுத்துவது

நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பாத்திரங்களும் சிக்கலும் அறிமுகமாகிவிடும். நாற்பதாவது நிமிடத்தில் இருவருக்கும் பிடிக்காவிட்டால் நிறுத்துங்கள். ஒருவருக்கு மட்டும் பிடித்திருந்தால் இடைவேளைவரை தொடருங்கள். அப்போதும் மாறாவிட்டால் பிடித்தவர் வேறொரு நாள் தனியாகப் பார்க்கட்டும். மற்றவரின் தேர்வைப் பொறுத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டபடி இறுதிவரை உட்கார்ந்திருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

10. முடிந்ததும் நோட்டில் ஒரு வரி

பெயர்கள் ஓடி முடியும்வரை விளக்கைப் போடாதீர்கள். பிறகு தேதி, தமிழ் மாதம், தொடங்கிய மணி, வெளியே மழையா வெயிலா என்பதோடு ஆளுக்கொரு வரி எழுதுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். ஏழு எட்டு என்று எண்களில் இறங்கினால் பேச்சு வாதமாகிவிடுகிறது. மனத்தில் நின்ற ஒரு காட்சியை மட்டும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் ஒரு கார்த்திகை மாதப் பக்கத்தில் என் கணவர் "அந்த அப்பா செருப்பைத் துடைத்து வைத்த இடம்" என்று எழுதியிருக்கிறார். நான் எழுதிய காட்சி வேறு. இரு வரிகளையும் படித்த பிறகுதான் அவருடைய அப்பாவைப் பற்றி அவர் அதுவரை சொல்லாத ஒன்றை அன்றிரவு சொன்னார்.

ஓராண்டு நிறைந்ததும் நோட்டை மாதவாரியாகப் புரட்டிப் பாருங்கள். எந்த மாதத்தில் எத்தனை படங்கள் பாதியில் நின்றன, எந்த மணிக்குத் தொடங்கியவை முழுமையாக ஓடின என்பது தெரிந்துவிடும். நான்காம் பகுதியில் நான் எழுதியவற்றை அடித்துவிட்டு, உங்கள் வீட்டுக்கான மாதக் கணக்கை அந்த நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.